கதையைச் சொல்லிவிட்டால் படத்தைச் சொன்னதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம் வெளியான திரைப்பட ஆய்வு பற்றிய கட்டுரையையும், அதை வரவேற்று அடுத்த வாரம் வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். திரைப்படம் பார்த்து மகிழ்வதற்குரியது, அதை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பேசுவது பூவின் இதழ்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு மணம் எங்கே என்று தேடுவதைப் போன்றது என்பது கட்டுரையாளரின் வாதம். கடிதம் எழுதியவர்களில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொன்னால் போதும், மற்றதெல்லாம் படித்தவர்களின் பாசாங்கு என்று முடித்திருந்தார். பாசாங்கு இருக்கத்தான் செய்கிறது; நானே அதை எழுதியும் இருக்கிறேன். ஆனால் படத்தைக் கூர்ந்து பார்ப்பது பார்க்கும் இன்பத்தைக் கெடுக்கும் என்ற கூற்றை, முப்பது ஆண்டுகள் இலக்கியம் கற்பித்துவிட்டு, அதில் பாதிக் காலம் மாணவர்களோடு அமர்ந்து படமும் பார்த்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கட்டுரை வெளியான அதே பக்கத்தில் நான்கு திரை மதிப்புரைகள் இருந்தன. பென்சிலை எடுத்து அவற்றைக் கோடிட்டுப் பார்த்தேன். நான்கிலும் முக்கால் பங்குக்கு மேல் கதைச்சுருக்கம், அதன் பிறகு நடிகர்களுக்கு ஆளுக்கொரு வரி, ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, இசை பலம், இரண்டாம் பாதியில் தொய்வு, கடைசியில் நட்சத்திரங்கள். ஒளிப்பதிவு எதற்காகக் குளிர்ச்சியாக இருந்தது, அந்தக் கதைக்குக் குளிர்ச்சி பொருந்துமா என்ற கேள்வி நான்கில் ஒன்றிலும் எழவில்லை. எழுதியவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வியாழன் இரவு பார்த்த படத்துக்கு வெள்ளி காலைக்குள் முந்நூறு சொல் எழுதித் தர வேண்டியவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? அந்த முந்நூறு சொல்லே திரைப்பட விமர்சனம் என்று வாசகர் பழகிப்போனதும், அதற்கு மேல் எழுதப்படுவதெல்லாம் மிகையாகத் தெரிவதும்தான் என் கவலை.

கதைச்சுருக்கம் ஒரு படத்தில் எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்வது எளிது. ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் இயக்கிய ‘எம்’ என்ற ஜெர்மன் படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். மதிப்புரை இதை நான்கு சொற்களில் சொல்லிவிடும். படத்தில் நடப்பது வேறு. வீட்டில் தாய் மேசை மேல் தட்டு வைக்கிறாள். கடிகாரம் பள்ளி விடும் நேரத்தைக் காட்டுகிறது. சிறுமி எல்சி தெருவில் பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, சுவரொட்டி ஒட்டிய ஒரு தூணில் அதை அடித்து விளையாடுகிறாள். அந்தச் சுவரொட்டி, பிடிபடாத கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பு. அதன் மேல் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. நிழல் குனிந்து அவள் பெயரைக் கேட்கிறது. பிறகு பார்வையற்ற ஒருவரிடம் அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான். வாங்கும்போது ஒரு மெட்டைச் சீழ்க்கையடிக்கிறான். அதற்குப் பின் அவன் நிழலைக்கூட நாம் பார்ப்பதில்லை. தாய் ‘எல்சி’ என்று கூப்பிடும் குரல் மட்டும் கேட்க, திரையில் ஆளில்லாத மாடிப்படிக்கட்டு, துணி காயும் வெற்றுப் பரண், யாரும் தொடாத தட்டு, காலி நாற்காலி. குரல் ஓய்கிறது. புதர்ப் பக்கத்திலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் மின்கம்பிகளில் சிக்கித் தவித்துவிட்டுப் பறந்து போகிறது. அவ்வளவுதான்.

இந்தக் காட்சியை வகுப்பில் ஒருமுறை திரையிட்டுவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுமாறு மாணவர்களிடம் சொன்னேன். அந்த மனிதன் சிறுமியைக் கையைப் பிடித்துப் புதருக்குள் இழுத்துச் சென்றதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கத்தியைக்கூடப் பார்த்திருந்தார். படத்தில் இல்லாத ஒன்றை அவர்களைப் பார்க்க வைத்தது எது என்ற கேள்வியிலிருந்துதான் அன்றைய பாடம் தொடங்கியது. மீண்டும் போட்டுப் பார்த்தபோது மகிழ்ச்சி குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. முதல் முறை கதையைத் துரத்திக்கொண்டு ஓடியதில் தட்டையும் நாற்காலியையும் தவறவிட்டிருந்த ஒரு மாணவி, இரண்டாம் முறை அவற்றைக் கண்டதும் கண் கலங்கினார். அதே படத்தில் பின்னால் கொலைகாரனை அடையாளம் காட்டுபவர் அந்தப் பார்வையற்ற பலூன்காரர். சீழ்க்கை ஒலியைக் கேட்டே கண்டுபிடிக்கிறார். பேசும்படம் புதிதாக வந்திருந்த நாளில், லாங் எடுத்த முதல் பேசும்படத்தில், ஒலியை வசனத்துக்குச் சுமைதாங்கியாக வைக்காமல் கதையைத் திருப்பும் சாவியாகவே வைத்த துணிவைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். கதைச்சுருக்கத்தில் அதற்கு இடமே கிடையாது.

சினிமாவைக் கலையாகக் கருதி ஆராய்வது இன்று நேற்று வந்த மோகம் என்பது போலக் கட்டுரையாளர் எழுதியிருந்தது தகவல் பிழை. லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டிய பதினாறே ஆண்டுகளில், 1911-இல், ரிச்சோத்தோ கனூடோ என்ற இத்தாலிய எழுத்தாளர் சினிமாவை ஆறாவது கலை என்று எழுதினார். பிற்பாடு நடனத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு சினிமாவை ஏழாவது கலையாக்கினார். 1916-இல் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் என்ற ஹார்வர்டு உளவியல் பேராசிரியர், அண்மைக்காட்சி (குளோசப்) என்பது மனம் ஒன்றின் மேல் கவனத்தைக் குவிக்கும் செயலின் திரை வடிவம் என்றும், கடந்த காலத்துக்குத் தாவும் காட்சி நினைவு என்ற செயலின் திரை வடிவம் என்றும் ஒரு முழு நூலில் விளக்கினார். தம் கடைசி ஆண்டுகளில்தான் அவர் படம் பார்க்கவே தொடங்கினார் என்பதும், நூல் வெளியான ஆண்டின் முடிவிலேயே இறந்துபோனார் என்பதும் எனக்கு எப்போதும் சற்று வருத்தம் தரும் செய்திகள்.

1932-இல் ருடால்ஃப் ஆர்ன்ஹைம் எழுதிய ‘கலையாகத் திரைப்படம்’ என்ற நூலின் வாதம் இன்றைக்கும் உதவுகிறது. கேமரா உள்ளதை அப்படியே நகலெடுக்கும் இயந்திரம், நகல் எப்படிக் கலையாகும் என்பது அக்கால அறிஞர்களின் ஏளனம். ஆர்ன்ஹைம் அதைத் தலைகீழாகத் திருப்பினார். திரை தட்டையானது; அதற்கு நான்கு விளிம்புகள் உண்டு; கேமரா ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும்; ஒரு கணத்திலிருந்து மறு கணத்துக்கு வெட்டித் தாவ முடியும். உலகத்தை உள்ளபடி காட்ட முடியாத இந்தக் குறைகள்தாம் கலைஞனின் கருவிகள் என்றார் அவர். சாப்ளினின் ‘தி இமிகிரன்ட்’ படத்தின் ஒரு காட்சியை அவர் எடுத்துக்காட்டினார். கப்பல் ஆடுகிறது, பயணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார்கள், சாப்ளின் கைப்பிடிக் கம்பியின் மேல் கவிழ்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கால்களை உதறுகிறார். பாவம், வாந்தி எடுக்கிறார் என்று நினைக்கிறோம். திரும்புகிறார், கையில் மீன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேமரா கப்பலுக்கு வெளியே கடல் பக்கமாக நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு பிறந்திருக்காது. நகைச்சுவை கதையில் இருக்கிறதா, நடிப்பில் இருக்கிறதா, கேமரா நின்ற இடத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதைத்தான் நான் ஆய்வு என்கிறேன். இதில் பாசாங்கு எங்கே இருக்கிறது?

இனி பூவின் உவமைக்கு வருகிறேன். அந்த உவமையைப் படித்தபோது எனக்கு நம் உரையாசிரியர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினர் என்பது மரபு. அவர்களில் எவரும் அதிகாரத்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடவில்லை. குறளைத் தம் சொற்களில் சுருக்கிச் சொல்லிவிட்டு எழுந்து போகவுமில்லை. இந்தச் சொல் ஏன் இங்கே நிற்கிறது, இந்த அடையால் என்ன பெறப்படுகிறது என்று கேட்டார்கள். ஒருவர் கொண்ட பொருளை மற்றவர் மறுத்தார். அந்த உரைகளால் குறளின் மணம் போய்விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சொல்லாமல் விட்டதற்கும் இலக்கணம் வகுத்து, உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்ட மொழி இது. அத்தகைய மொழியில் திரைப்படத்தைப் பற்றி மட்டும் ‘கதை என்ன, நன்றாக இருக்கிறதா’ என்ற இரண்டே கேள்விகள் கேட்கப்படுவது விந்தையாக இல்லையா?

குறுந்தொகையின் 25-ஆம் பாடலில் தலைவி, தலைவன் தன்னை மணந்த நாளைப் பற்றிச் சொல்கிறாள். அவன் பொய்த்துவிட்டால் தான் என்ன செய்வது? சாட்சி யாரும் இல்லை. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகுதான் அங்கே இருந்தது. அந்தக் குருகு ஏன் அங்கே நிற்கிறது? அது சாட்சியா, அல்லது மீனைத் தவிர வேறெதையும் பார்க்காத, சாட்சியாகவே முடியாத ஒரு பறவையா? தலைவனின் இயல்பையே அது குறிப்பாகச் சொல்கிறதா? இவற்றில் எதையும் கபிலர் நமக்குச் சொல்வதில்லை. குருகைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

இதைப் படித்துப் பழகியவருக்கு ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ஜாடி புதிராக இருக்காது. அவர் 1949-இல் எடுத்த ‘லேட் ஸ்பிரிங்’ படத்தில், திருமணம் முடிவான ஒரு மகள் தந்தையோடு கடைசி முறையாக ஒரு பயணம் போகிறாள். தந்தையை விட்டுப் பிரிய அவளுக்கு மனமில்லை. தானும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகப் பொய் சொல்லித்தான் அவர் அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். கியோட்டோவில் ஒரு விடுதியில் இருவரும் அருகருகே படுத்திருக்கிறார்கள். அவள் ஏதோ மனம்விட்டுச் சொல்லத் தொடங்குகிறாள்; தந்தை தூங்கிவிட்டார். கூரையைப் பார்த்தபடி அவள் முகத்தில் ஒரு சின்னப் புன்னகை. அடுத்த ஷாட்டில், அறையின் மூலையில், மரநிழல் படிந்த காகிதத் திரைக்கு முன்னால் ஒரு ஜாடி. தந்தையின் குறட்டை ஒலி கேட்கிறது. மீண்டும் அவள் முகம். இப்போது புன்னகை இல்லை; அழுகைக்கு ஒரு நூலிழை முன்னால் நிற்கிறது. மீண்டும் ஜாடி. இந்த முறை முன்னைவிடச் சற்று நீளமாக.

இந்த ஜாடியைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தொகுத்தால் ஒரு தடித்த புத்தகமாகும். அவள் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம், நம் உணர்ச்சியை ஊற்றி வைக்கும் கொள்கலன் அது என்றார் ஜப்பானியத் திரைப்படத்தை உலகுக்கு அறிமுகம் செய்தவர்களில் முதன்மையான டொனால்ட் ரிச்சி. பின்னாளில் திரைக்கதையாசிரியராகவும் இயக்குநராகவும் பெயர் பெற்ற பால் ஷ்ரேடர், 1972-இல் வெளியான தம் நூலில், ஆழமான உணர்ச்சியை ஏற்று அதை வேறொன்றாக மாற்றும் அசைவின்மை அது என்று எழுதினார். மாறுகிறவற்றுக்கு நடுவே மாறாமல் நிற்கும் காலத்தின் வடிவம் என்றார் மெய்யியலாளர் ஜில் தெலூஸ். திரைப்பட ஆய்வாளர் கிறிஸ்டின் தாம்ப்சன் இத்தகைய விளக்கங்களை மறுத்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூலையிலுள்ள ஜாடியை அவள் பார்ப்பதாக எப்படிச் சொல்வது? கதைக்கும் ஜாடிக்கும் தொடர்பில்லை. அந்த இடத்தில் தோட்டத்து விளக்கையோ மரக்கிளையையோகூட ஓசு காட்டியிருக்கலாம். கதையின் ஓட்டத்தை நிறுத்தி வைப்பதே அதன் வேலை என்பது அவர் வாதம்.

எனக்கு இவர்களில் யாரோடும் முழு உடன்பாடு இல்லை. பல முறை பார்த்தபின் நான் கவனித்தது வேறொன்று: அவள் முகம் மாறும் அந்தக் கணத்தை ஓசு நமக்குக் காட்டவே இல்லை. புன்னகை எப்போது போயிற்று என்பதை ஜாடி மறைத்துக்கொண்டது. ஒரு பெண்ணின் துயரம் உருவாகும் நேரத்தில், அவள் முகத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மரியாதைக்குக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் ஒருவரைப் போல அந்தக் கேமரா நடந்துகொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை மறுப்பதற்கு வாசகருக்கு முழு உரிமை உண்டு. மறுக்க வேண்டுமானால் அந்தக் காட்சியை மீண்டும் பார்த்தாக வேண்டும். ‘படம் மெதுவாக நகர்கிறது, இரண்டரை நட்சத்திரம்’ என்ற தீர்ப்பை எதை வைத்து மறுப்பது?

ஒரு முகத்துக்கு அருகில் எதை ஒட்டுகிறோமோ அதைப் பொறுத்து முகத்தின் பொருள் மாறும் என்பதைச் சோவியத் திரைப்பட ஆசிரியர் லெவ் குலெஷோவ், ஓசுவின் அந்தப் படத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருந்தார். நடிகர் மொஸ்ஜூகினின் சலனமற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்பு, சவப்பெட்டியில் ஒரு பெண், பொம்மையோடு விளையாடும் குழந்தை ஆகியவற்றோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்ட, பசியையும் துயரத்தையும் பாசத்தையும் அவர் எவ்வளவு நுட்பமாக நடித்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் வியந்தார்களாம். இது குலெஷோவின் மாணவரும் இயக்குநருமான புதோவ்கின் சொன்ன கணக்கு. மூலச் சுருள் கிடைக்கவில்லை, சொன்னவர்களின் விவரங்களும் ஒத்துப்போவதில்லை. ஆனால் ‘கண்களாலேயே நடித்திருக்கிறார்’ என்ற வரியை மதிப்புரையில் எழுதும் ஒவ்வொருவரும், அந்தக் கண்களுக்கு முன்னும் பின்னும் படத்தொகுப்பாளர் எதை வைத்தார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பாசாங்கு இருக்கிறது என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டேன். அது பெரும்பாலும் இயக்குநர் வழிபாட்டின் வழியாக வருகிறது. 1951-இல் ஆந்த்ரே பஸான் முதலியோர் தொடங்கிய ‘கையே து சினிமா’ என்ற பிரெஞ்சு இதழில், 1954-இல் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரையை ஒட்டி வளர்ந்த, இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்னும் படைப்பாளிக் கொள்கை, ஸ்டுடியோவின் கூலியாகக் கருதப்பட்ட இயக்குநர்களின் படங்களில் ஒரு தனிக் கையெழுத்தைத் தேட வைத்தது. அதனால் விளைந்த நன்மை பெரிது. அப்படி எழுதியவர்களே பின்னர் படமெடுக்க வந்தார்கள் என்பதும், த்ரூஃபோ தம் முதல் முழுநீளப் படத்தைப் பஸானின் நினைவுக்கே காணிக்கையாக்கினார் என்பதும், விமர்சனத்துக்கும் படைப்புக்கும் பகை என்பவர்களுக்குத் தகுந்த பதில். ஆனால் அதே கொள்கை கெட்டிப்பட்டபோது, பிடித்த இயக்குநரின் பிழையும் மேதைமையாகவும், பிடிக்காதவரின் நயமும் தற்செயலாகவும் ஆகிவிட்டன. ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ படத்தில், அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒரே தெளிவோடு தெரியும் காட்சிகளை வெல்ஸின் மேதைமை என்று எழுதுவார்கள். வெல்ஸோ, தம் பெயர் வரும் அதே அட்டையில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் போட்டுத் தம் கடனை ஒப்புக்கொண்டவர். எழுதியவர்கள் அந்த அட்டையைப் பார்க்கவில்லை போலும். நானும் ஒரு காலத்தில் ஒளி, ஒலி, அரங்கம், உடை எல்லாவற்றையும் ஒரே மனிதரின் தலையில் ஏற்றி வைத்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு வகை எழுத்தும் உண்டு. படம் சொல்லும் ‘செய்தி’ நல்லதா கெட்டதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவது. கருத்து சரியாக இருந்தால் படமும் சரி என்று அது நினைக்கிறது. 1915-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தை இந்த முறையில் பேசவே முடியாது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரை மீட்பர்களாகக் காட்டிய படம் அது. அதை எதிர்த்து அன்றே போராட்டங்கள் நடந்தன. அதே ஆண்டில் க்ளான் மீண்டும் உயிர்பெற்றது. அதன் கருத்து இழிவானது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்; சொல்லவும் வேண்டும். அந்த இழிவு அவ்வளவு பேருக்கு எப்படி வீரமாகத் தெரிந்தது என்பதை அறிய வேண்டுமானால் படத்தொகுப்புக்குள்தான் போக வேண்டும். வீட்டுக்குள் சிக்கியவர்கள், குதிரைகளில் விரைந்து வரும் கூட்டம், மீண்டும் சிக்கியவர்கள், மீண்டும் குதிரைகள் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறுக்கிக் காட்டும்போது, குதிரைகள் சீக்கிரம் வந்துவிட வேண்டுமே என்று பார்ப்பவரின் மூச்சே வேண்டிக்கொள்ளத் தொடங்குகிறது. வருகிறவர்கள் யார் என்ற கேள்வி அந்தப் படபடப்பில் நழுவிவிடுகிறது. ஓர் இருட்டு அரங்கில் நம் விருப்பத்தை நம்மைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகும் கலை இது. லாரா மல்வி 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கேமரா யாருடைய கண்ணாக இருந்துகொண்டு பெண்ணைப் பார்க்கிறது என்று கேட்டபோது, அவரும் கதையைக் கேட்கவில்லை. பார்வையின் அமைப்பைக் கேட்டார்.

நட்சத்திர மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்துச் சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. முதல் பட்டியலில் முதலிடம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் ‘சிட்டிசன் கேன்’. 2012-இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’. 1958-இல் வெளியானபோது அரைமனதோடு வரவேற்கப்பட்ட ‘வெர்டிகோ’, முதல் பத்து இடங்களுக்குள் வரவே 1982 ஆயிற்று. வெளியான வெள்ளிக்கிழமையன்று அதற்குப் போடப்பட்ட மதிப்பெண்ணை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 2022-இல் முதலிடம் பெற்ற ‘ழான் டீல்மன்’, சாந்தால் அகெர்மன் தம் 25 வயதுகூட நிறையாத பருவத்தில் எடுத்தது. 201 நிமிடம் ஓடும் அதில் ஒரு பெண் மூன்று நாட்கள் வீட்டுவேலை செய்கிறாள். கேமரா ஓரிடத்தில் நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் எல்லாம் ஒழுங்கு. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு வெந்து குழைந்துவிடுகிறது. அவ்வளவு நேரம் அந்த ஒழுங்கைப் பொறுமையாகப் பார்த்திருந்தவருக்கு அந்தக் குழைந்த கிழங்கு ஓர் இடிவிழுந்ததைப் போல இருக்கும். பொறுமையிழந்தவருக்குக் கிழங்கு கிழங்காகவே இருக்கும். ‘தொய்வு’ என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வகைப் படத்தைத் தொடவே முடியாது. அந்தப் பட்டியலை நான் வேதமாகக் கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்துவது ஒரு விளையாட்டு, அவ்வளவே.

இவ்வாறு எழுதுவதற்கு முற்காலத்தில் உண்மையான தடை ஒன்று இருந்தது. கவிதையைப் பற்றி எழுதுபவர் அடியை எடுத்துத் தம் கட்டுரைக்குள் வைத்துவிடலாம். படத்தைப் பற்றி எழுதுபவர் ஓடி மறைந்த ஒன்றை நினைவிலிருந்து எழுத வேண்டியிருந்தது. திரைப்படம் மேற்கோளுக்கு அகப்படாத பனுவல் என்று ரேமோன் பெலூர் 1975-இல் வருந்தியது அதனால்தான். பழைய விமர்சகர்களின் எழுத்தில் படத்தில் இல்லாத ஷாட்டுகள் இடம்பெற்றிருப்பதை அன்புடன் மன்னிக்கலாம். என் மாணவர் கண்ட கத்தியும் அந்த வகையைச் சேர்ந்தது. இன்று கைப்பேசியிலேயே படத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, ஒரே ஷாட்டைப் பத்து முறை பார்க்கலாம். தங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் கையில் அந்த வசதி இருக்கிறது. ஆகவே எழுதியவர் சொன்னது சரிதானா என்று அவர்களே உடனே சரிபார்க்க முடியும். நான் மேலே எழுதியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வெள்ளிக்கிழமை மதிப்புரைகளை நிறுத்தச் சொல்லவில்லை. எந்தப் படத்துக்குப் போகலாம் என்று அறிய விரும்புகிறவருக்கு அவை வேண்டும். மாதம் ஒருமுறை, ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம், ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சியைப் பற்றிய கட்டுரைக்கு ஒதுக்குங்கள். படம் புதியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கதைச்சுருக்கம் மூன்று வரியைத் தாண்டக் கூடாது. நட்சத்திரம் வேண்டாம். எழுதுபவர் ‘அருமை’, ‘பிரமாதம்’ போன்ற சொற்களைத் தவிர்த்து, எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்பதை முதலில் எழுதட்டும். அதிலிருந்து என்ன நினைத்தார் என்பது பிறகு வரட்டும். கலைச்சொற்களைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். சட்டகம், படத்தொகுப்பு, அண்மைக்காட்சி ஆகியவை ஏற்கெனவே வழக்கில் இருக்கின்றன. ஷாட் என்பதை ஷாட் என்றே எழுதினாலும் வாசகருக்குப் புரியும். அடுத்த வாரம் மறுத்து எழுத விரும்பும் வாசகருக்குக் கால் பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜாடி விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வரப் பலர் காத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதல் கட்டுரைக்குச் சாப்ளினின் அந்த மீன்பிடிக் காட்சியே போதும். படம் அரை மணி நேரத்துக்கும் குறைவானது. குழந்தைகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் தெரிவியுங்கள், நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்